பிடி அரிசிக் கணக்கு

பெண்கள் கூடுகைக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் முதலில் கேட்பார்கள்: "பிரசங்கம் எப்படி?" இந்தத் தடவை எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சென்னையிலிருந்து செய்தி கொடுக்க வந்த அம்மா நன்றாகத்தான் பேசினார், நான் குறிப்புகூட எடுத்தேன். ஆனால் உத்திரமேரூரில் பஸ் ஏறியதிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. காலையில், சாலவாக்கம் பக்கத்துச் சின்ன சபை ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண், மைக் முன்னால் நின்று வாசித்த வரவு செலவுக் கணக்கு.

அவர் கையில் பழுப்பு அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு. முன்னிருப்பு இவ்வளவு என்று வாசித்துவிட்டுப் பிடி அரிசிக்கு வந்தார். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் ஆராதனைக்குக் கொண்டுவருகிற காணிக்கை அது. 14 வீடு, வருஷத்துக்கு 112 படி. ரேஷன் அரிசி எத்தனை படி, வயல் அரிசி எத்தனை படி என்று தனித்தனியாக எழுதியிருந்தார். இரண்டையும் கலந்து ஏலம் விட்டால் வாங்குகிறவருக்கு நஷ்டம் இல்லையா, அதனால். பிள்ளை பெற்ற வீட்டுக்கு 5 படி. வீட்டுக்காரர் தவறிப்போன ஓர் அம்மாவுக்கு மாதம் 2 படி. அந்த வரிக்கு வந்ததும் குரல் அடைத்துக்கொண்டது. நோட்டு நடுங்குவது பின்வரிசைக்கே தெரிந்தது. போதகரின் மனைவி ஐயரம்மா எழுந்து போய், தான் வாசிக்கட்டுமா என்று கை நீட்டினார். அவர் நோட்டைக் கொடுக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த யாரோ, "படிக்கா, நீயே படி" என்றார்கள். அரிசியை அளப்பதும் படி, எழுத்தை வாசிப்பதும் படி. தமிழில் இப்படி ஒன்று இருப்பது இத்தனை வயசுக்கு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

மேரி சம்னர் ஞாபகம் அப்போதுதான் வந்தது. எங்கள் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கெல்லாம் மூத்த அக்கா மாதிரி, இங்கிலாந்தில் 1876இல் தொடங்கியது தாய்மார் சங்கம். தொடங்கியவர் இந்த மேரி சம்னர், ஓல்ட் ஆல்ரெஸ்ஃபோர்டு என்ற கிராமத்து ஐயரின் மனைவி. மகளுக்குப் பிள்ளை பிறந்த சமயம். தன் முதல் பிள்ளையைக் கையில் வாங்கியபோது எவ்வளவு பயந்தோம், யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லையே என்ற நினைப்பு அவருக்கு. ஊர்த் தாய்மாரையெல்லாம், பணக்காரர் ஏழை என்று பார்க்காமல், வீட்டுக்குக் கூப்பிட்டார். எல்லோரும் வந்தாயிற்று. பேச எழ வேண்டிய நேரத்தில் சம்னருக்குத் தைரியம் போய்விட்டது. நீங்களே பேசுங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டார். அன்றைக்கு அவரே பேசினார். ஒன்பது வருஷம் கழித்து, 1885இல், போர்ட்ஸ்மத் சபை மாநாட்டில் பெண்களுக்குப் பேச வேண்டிய பேராயர் தன் இடத்தை இவருக்கு விட்டுக்கொடுத்தார். அப்போது இவருக்கு வயசு 56. அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் சங்கம் ஊர் ஊராகப் பரவியது.

இதை நான் முதலில் வாசித்தபோது போர்ட்ஸ்மத் தான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்த இரண்டாவது வாரத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் வாய் திறக்க முடியாமல் போனவர், இடையில் வந்த ஏழு நாளையும் எப்படிக் கழித்திருப்பார்? சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பாரா? சாலவாக்கத்துக்காரர் நிச்சயம் சொல்லிப் பார்த்திருப்பார். எண்களை அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கவில்லை, பாதி மனப்பாடமாகவே இருந்தது.

பிடி அரிசி எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. காஞ்சி மகா பெரியவரும் வீட்டுப் பெண்களிடம் பிடி அரிசி எடுத்துவைக்கச் சொன்னார். மிசோரத்துச் சபைப் பெண்கள் 1910இல் இதைத் தொடங்கி இன்றும் விடவில்லை. வடித்த பிறகு மிஞ்சியதைக் கொடுப்பது சுலபம். இது உலையில் போடுவதற்கு முன்பே எடுத்துவைப்பது. அன்றைக்கு வீட்டில் ஒரு பிடி குறைவாகத்தான் சாப்பிடுவார்கள், பெரும்பாலும் அம்மாவின் தட்டில்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வைகுண்டப் பெருமாள் கோயில் வரை நடந்துவிட்டு வந்தேன். முப்பது வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள் நான். உத்திரமேரூர் வந்துவிட்டு அந்தச் சுவரைப் பார்க்காமல் திரும்ப மனசு வராது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுத கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயசுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். 30 குடும்புகளின், அதாவது வார்டுகளின், ஓலைகளையும் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுபிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். இதெல்லாம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவது. நான் ஒவ்வொரு வருஷமும் நிறுத்திச் சொன்னது இன்னொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது, அவனுடைய நெருங்கிய உறவுக்காரர் பெயரும் கூடாது.

கணக்குக் காட்டுவதை அந்த ஊர் அவ்வளவு பெரிதாக நினைத்திருக்கிறது. எந்தப் பெண்ணின் பெயரும் அந்தக் குடத்துக்குள் போனதில்லை. வேலி நிலத்தில் நாற்று நட்டவர்கள் பெயரும் போனதில்லை. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து, அதே ஊரில், காணி நிலம்கூட இல்லாத ஒரு பெண் எழுந்து நின்று, கேட்க ஆள் வராத 112 படி அரிசிக்கும் கணக்குக் காட்டினார். சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தெம்பு என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அது உடம்பில் ஏறுவது அப்படியே தெரிந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து, இனி நம்மால் என்ன ஆகப்போகிறது என்று ஒரு சோர்வு எனக்குள் கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது அவர் பந்தல் ஓரத்தில் தயிர்சாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை நீட்டினார்.

"கூட்டல் சரியா கீதான்னு ஒரு தபா பாருங்க டீச்சர். நைட்டு மூணு தபா போட்டேன். ஆனாலும் மனசு கேக்கல."

மேலிருந்து கீழே ஒரு முறை கூட்டினேன், கீழிருந்து மேலே ஒரு முறை. ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பென்சிலால் கோடு போட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதி, வருகிற வருஷத்துக்கான முன்னிருப்பை முதல் வரியில் ஏற்றி வைத்திருந்தார்.