தொண்ணூறு இருக்கைகள்

வெளிநாடு செல்வோரில் பலர் ஊரைப் பார்ப்பதில்லை; ஊரின் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். கோபுரம் ஒன்று, அரண்மனை இரண்டு, அருங்காட்சியகம் மூன்று என்று எண்ணிக்கொண்டே ஓடுகிறார்கள். ஓர் ஊரை அறிய வேண்டுமானால், அவ்வூர் மக்கள் மாலை வேளையில் எங்கே போய் உட்காருகிறார்களோ அங்கே நாமும் போய் உட்கார வேண்டும் என்பது என் கருத்து. பாரிஸ் நகரில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்த பன்னிரண்டு நாள்களும் நான் செய்தது இதைத்தான். அவர் காரைக்காலிலிருந்து சென்று அங்கே குடியேறியவர். பகலில் காலாற நடப்பேன். பொழுது சாய்ந்ததும் ஏதேனும் ஒரு சிறிய அரங்கினுள் நுழைந்துவிடுவேன்.

சேன் நதியின் இடக்கரையில் இலத்தீன் குடியிருப்பு என்றொரு பகுதி உண்டு. முற்காலத்தில் அங்கிருந்த கல்விக்கூடங்களில் இலத்தீன் மொழி வழங்கியதால் வந்த பெயர் இது. இன்றும் மாணவர் நடமாட்டம் மிகுந்த இடமே. அங்கே உணவு விடுதிகள் நெருக்கியடிக்கும் யூஷெத் தெருவில், தெருவின் பெயரையே தாங்கிய நாடக அரங்கு ஒன்று இருக்கிறது. உள்ளே சுமார் 90 இருக்கைகள். இயோனெஸ்கோ எழுதிய ‘வழுக்கைத் தலைப் பாடகி’, ‘பாடம்’ என்னும் இரு சிறு நாடகங்கள் 1957 பிப்ரவரியில் இங்கே மேடையேறின. அன்று தொடங்கியவை இன்றும் நடக்கின்றன! 2020இல் பெருந்தொற்று உலகையே முடக்கியபோது அரங்கும் மூடிக் கிடந்தது. திறந்த பின்னர் மீண்டும் அதே நாடகங்கள். நடிகர்கள் தலைமுறை தலைமுறையாக மாறினார்கள், நாடகங்கள் மாறவில்லை.

ருமேனியாவில் பிறந்த இயோனெஸ்கோ, ஆங்கிலம் கற்பதற்காக ஒரு பாடநூலை வைத்துக்கொண்டு பயின்றார். வாரத்துக்கு ஏழு நாள்கள், கூரை மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது என்பன போன்ற உண்மைகளை அந்நூல் உரையாடலாகப் போதித்தது. அதிலிருந்து பிறந்ததே முதல் நாடகம். கடிகாரம் பதினேழு முறை அடிக்கிறது. இரு தம்பதியர் ஓயாது பேசுகிறார்கள். யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. வழுக்கைத் தலைப் பாடகி கடைசிவரை வருவதே இல்லை. பிரெஞ்சு மொழியில் எனக்குத் தெரிந்தவை சில சொற்களே. நாடகத்தை ஆங்கிலத்தில் முன்னரே படித்திருந்தேன். பேச்சு வெறும் ஓசையாகிப் போவதே அதன் கரு. மொழியறியாதவனுக்கு இதைவிட ஏற்ற நாடகம் வேறு உண்டோ!

‘பாடம்’ நாடகத்தைப் பற்றிச் சொல்லப் பேராசிரியப் பெருமக்கள் அனுமதி தர வேண்டும். அதில் ஒரு பேராசிரியர் மாணவி ஒருத்திக்குத் தனிப்பாடம் நடத்துகிறார். அவளுக்குக் கழித்தல் வராது. ஆனால் மிகப் பெரிய எண்களைப் பெருக்கி நொடியில் விடை சொல்வாள். எப்படி? எல்லாப் பெருக்கல்களுக்கும் உரிய விடைகளை மனப்பாடம் செய்துவிட்டாளாம்! அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன், தேர்வு நாள்கள் நினைவில் வர. கடைசியில் பாடம் கொலையில் முடிகிறபோது அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. எட்டடி தூரத்தில் நடிகரின் மூச்சு வாங்குவது கேட்கிறது. ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தில் இது வாய்க்காது.

அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் ஷம்போலியோன் தெரு. படிக்க ஆளில்லாமற் கிடந்த எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டை 1822இல் திறந்த அறிஞரின் பெயர் அது. அக்குறுகிய தெருவில் மூன்று சிறிய திரையரங்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றுள் ‘ஷம்போ’ 1938இல் தொடங்கப்பட்டது. புதுப்படங்களைத் துரத்தாமல், உலகின் பழைய நல்ல படங்களை அவற்றின் மூல மொழியிலேயே, அடியில் பிரெஞ்சு எழுத்துகளோடு காட்டுகிறார்கள்.

ஒரு ஞாயிறு பிற்பகல் சித்தப்பாவையும் அழைத்துச் சென்றேன். இத்தனை ஆண்டுகளில் அவர் அத்தெருவுக்குள் வந்ததே இல்லை. ஓய்வு நாளில் உறங்கவே அவருக்கு நேரம் போதாது. படம், ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ கதை’, 1953இல் வெளிவந்தது. முதிய பெற்றோர் மக்களைப் பார்க்கத் தலைநகர் வருகிறார்கள். மக்களுக்கு நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவி மட்டுமே அன்போடு உபசரிக்கிறாள். ஊர் திரும்பிய தாய் இறந்துபோகிறாள். கதை இவ்வளவே.

“நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்டா” என்று சித்தப்பா என் காதருகே தொடங்கினார். கால் மணி நேரத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை. வெளியே வந்து நதிக்கரை வரை நடந்தோம். படத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. “ஊரில் அப்பாயிக்கு முழங்கால் வலி எப்படியிருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

இத்தகைய அரங்குகள் எவ்வாறு பிழைக்கின்றன? இரசிகர்களின் பற்று ஒரு காரணம். நாட்டின் ஏற்பாடு மற்றொன்று. பிரான்சில் 1946இல் தேசியத் திரைப்பட மையம் நிறுவப்பட்டது. ஒவ்வொரு திரைப்பட நுழைவுச்சீட்டின் விலையிலும் 10.72 விழுக்காடு வரியாக அதற்குச் சேர்கிறது. அமெரிக்காவின் பிரம்மாண்டப் படத்தைப் பார்க்கப் போகிறவனும் அவ்வரியைச் செலுத்துகிறான். அத்தொகையிலிருந்து புதுப்படங்களுக்கும் சிறு திரையரங்குகளுக்கும் உதவி கிடைக்கிறது. நம் வணிகர்கள் கல்விக்கும் கோயிலுக்கும் மகமை எடுத்து வைத்தார்களே, அதைப் போன்றதே இது.

‘வழுக்கைத் தலைப் பாடகி’ 1950இல் வேறோர் அரங்கில் முதன்முதலாக நடந்தபோது பார்க்க வந்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரை நம்பி மீண்டும் திரை தூக்கியவர்களால்தான் அது வாழ்கிறது. கூட்டம் சேரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் நல்ல கலை எதுவும் தொடங்காது.

தொண்ணூறு இருக்கை என்பது நம் கல்லூரியின் பெரிய வகுப்பறை ஒன்றின் அளவுதான். மாலை நான்கு மணிக்குப் பின் அது பூட்டிக் கிடக்கிறது. ஒரு வெள்ளைத் திரை, மாதம் ஒரு நல்ல படம், பருவத்துக்கு ஒரு நாடகம், முதல் நாள் பத்துப் பேர் வந்தாலும் சோர்ந்துவிடாத நான்கு நண்பர்கள். இவ்வளவு போதும். சாவியைத் தரும்படி துறைத்தலைவரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். முதல் வரிசையில் வந்து அமரப் போகும் பத்துப் பேர் யார், நண்பர்களே?