புதுப் பெட்டியைப் பிரிக்கும் முன்

வேளச்சேரி,
7.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு இவர் காரில் கொண்டுவந்து இறக்கிவைத்த பெட்டி அட்டைகூடப் பிரிக்காமல் கூடத்தில் அப்படியே இருக்கிறதாமே? எதிர்வீட்டு அத்தை போன் பண்ணினார்கள். "தூசி படக்கூடாதுன்னு போர்வை வேற போத்தி வச்சிருக்கார் உங்கப்பா" என்று ஒரே சிரிப்பு. அப்பா, அது ஆவக்காய் ஜாடி இல்லை, ஊற வைப்பதற்கு.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, தெரியும்" என்று வைத்துவிடுகிறீர்கள். அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு, "ஒண்ணும் வரலையேம்மா" என்று கூப்பிடுகிறீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேலையை எந்த வரிசையில் பிரித்தீர்களோ அதைத் திருப்பிப் பிடித்துத்தான் மாட்டுவீர்கள் என்று எத்தனை முறை பெருமை பேசியிருக்கிறீர்கள்! இதையும் அப்படி வரிசையாகச் செய்யுங்கள். மேஜையில் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கம்ப்யூட்டர் என்று நீங்கள் இழுத்தபோது, "இந்த வயசுல எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. போன வருஷம் அக்டோபர் 11 சாயந்திரம், திருச்சியில் இருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறில் இரண்டரை மணி நேரம் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்ததே, அன்றைக்கு மொட்டைமாடியில் நின்று தெருவுக்கே வகுப்பெடுத்தீர்களாம். அந்த ரக விமானத்தில் எரிபொருளைக் கொட்ட வழியில்லை, எரித்துத்தான் எடையைக் குறைக்க முடியும், அதனால் சுற்றுகிறார்கள், பயப்படாதீர்கள் என்று. 141 பேரும் பத்திரமாக இறங்கிய பிறகுதான் சாப்பிட்டீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அடுத்த வாரமே அதை நம் பழைய மெஷினில் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்து, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மெமரி தீர்ந்துபோய் அது அணைந்துவிட்டது என்று சொன்னபோது உங்கள் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் உறைக்க வைத்திருப்பாள்.

அது உங்கள் தப்பில்லை, மெஷின் தப்பும் இல்லை. 2006-இல் வந்த அந்த எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டர் 32 பிட் காலத்துச் சரக்கு. வீட்டில் எத்தனை மூட்டை அரிசி இருந்தாலும் பானை கொள்கிற அளவுதானே வேகும்? அதன் பானை 4 ஜிபி. நீங்கள் சேர்த்துவைத்த விமானங்களும் ஊர்க் காட்சிகளும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றினால் பானை வழியத்தான் செய்யும். புதிய சிமுலேட்டரின் பானை பெரியது, அந்தத் தொல்லை கிடையாது. மெஷினிலும் 32 ஜிபி ரேம், பதினாறு பதினாறாக இரண்டு. விலையை மட்டும் கேட்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். பெட்டியைத் தனியாகத் தூக்காதீர்கள். கீழ்வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். சிபியுவின் பின்பக்கத்தைப் பார்த்தால் மானிட்டர் ஒயர் செருகுகிற மாதிரி இரண்டு இடம் இருக்கும். மேலே யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஒன்று, கீழே படுக்கை வசத்தில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்று. கீழேதான் செருக வேண்டும். மேலே செருகினாலும் படம் வரும், அதுதான் வம்பே. எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும். ஆனால் அத்தனை பணம் கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, விமானம் கட்டை வண்டி மாதிரி நகரும். இங்கே நானே அப்படிச் செருகிவிட்டு, ரிச்சி தெருக் கடைக்காரரை ஒரு மணி நேரம் போனில் வறுத்தெடுத்தேன். அந்த மனுஷர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒயர் எங்கே இருக்கு மேடம்?" என்றார். அதற்குப் பிறகு நான் பேசவில்லை. நீங்களும் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். அம்மா பீரோக் கண்ணாடியில் விட்டுப்போன அட்டையில் இருந்து எடுத்ததுதான். பொட்டைப் பார்த்துச் செருகுங்கள்.

பழைய யுபிஎஸ்ஸில் இதை மாட்டாதீர்கள், பாரம் தாங்காது. புதியது தனி அட்டைப் பெட்டியில் இருக்கிறது.

சிமுலேட்டரை இங்கேயே ஏற்றிவிட்டேன். 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். நூறு ஜிபிக்கு மேல் இறங்க வேண்டியிருந்தது, முழுசாக ஒரு ராத்திரி ஓடியது. 2024 நவம்பரில் அடுத்தது வந்துவிட்டதே, ஏன் பழசு என்று கேட்பீர்கள். அது வட்டில் கொஞ்சம்தான் இடம் பிடிக்கும், மீதி உலகத்தை எல்லாம் பறக்கப் பறக்க இணையத்தில் இருந்து இழுத்துக்கொள்ளும். மழை தூறினாலே போய்விடுகிற நம் வீட்டு இணைப்பை நம்பி உங்களை நடுவானில் விட எனக்கு மனசில்லை. 2020-இல் இணைப்பு போனாலும் பறக்கலாம், தரை மட்டும் கொஞ்சம் மங்கும்.

பழைய மெஷினில் இருந்து உங்கள் விமானங்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்து இதில் போட நினைக்கிறீர்கள், எனக்குத் தெரியும். வேலைக்கு ஆகாது. மீட்டர் கேஜ் சக்கரத்தைப் பிராட் கேஜில் மாட்டுகிற கதை. பழைய எஃப்எஸ்எக்ஸ்தான் வேண்டும் என்றால் டிவிடி இருக்கிறது, இதிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் புரோகிராம் ஃபைல்ஸில் ஏற்றாதீர்கள், சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃபைலைத் தொடும்போதும் விண்டோஸ் அனுமதி கேட்டுக் கழுத்தறுக்கும். புதுச் சிமுலேட்டருக்கு யாராவது ஏதாவது கொடுத்தால் அது கம்யூனிட்டி என்கிற ஃபோல்டருக்குள் மட்டும் போக வேண்டும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு சிமுலேட்டர் திறக்க அடம் பிடித்தால், எனக்குப் போன் போடும் முன்னால் அந்த ஃபோல்டரைக் காலி செய்து பாருங்கள். பத்துக்கு எட்டு தடவை குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

ஜாய்ஸ்டிக்கும் புதியதுதான். பழசின் கைப்பிடியைத் திருகினால் மூக்கு இடப்பக்கமே ஓடுகிறது என்று அதை எத்தனை முறை கழற்றி, கிளீனர் அடித்து, திரும்ப மாட்டினீர்கள்! உள்ளே உரசி உரசித் தேய்கிற பாகம் அது, என்ன செய்தாலும் திரும்ப வரும். இதில் உரசலே கிடையாது, காந்தத்தை வைத்து அளக்கிறது. தயவுசெய்து பிரித்துப் பார்க்காதீர்கள். பார்ப்பீர்கள், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் செருகவும் வேண்டாம். சிமுலேட்டர் இரண்டுக்கும் தானாகவே வேலை கொடுத்துவிடும், ஒன்று ஏற்று என்றால் இன்னொன்று இறக்கு என்னும்.

படத் தரத்தை மீடியத்தில் வைத்திருக்கிறேன். அல்ட்ராவுக்குப் போகாதீர்கள். விநாடிக்கு 30 படத்தில் பூட்டியும் வைத்திருக்கிறேன். அறுபது வந்து வந்து திக்குவதைவிட முப்பது சீராக ஓடுவது மேல் என்று எந்த என்ஜின்காரரும் ஒப்புக்கொள்வார். திக்கினால் தரை விவரம் என்கிற அளவை 100-இல் இருந்து இறக்குங்கள், பிராசஸரைத் தின்பது அதுதான். மேகம் தின்பது கிராஃபிக்ஸ் கார்டை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பறந்து பார்த்து, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். இந்தப் பாடம் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. டிவிஎஸ் 50 கார்புரேட்டரில்.

முதல் நாளே ஏர்பஸ்ஸில் ஏறாதீர்கள். செஸ்னா 152 எடுங்கள். வட்ட வட்ட மீட்டர்கள், இரண்டே சீட்டு, உங்களுக்குப் பிடிக்கும். திருச்சி, ஓடுபாதை 27. ஐம்பது நாட் வந்ததும் மெதுவாக இழுங்கள், 67-இல் ஏறவிடுங்கள், வலது ரட்டர் மறக்காமல். ஏறியதும் முன்னால் கே.கே. நகர் பக்கம் வரும், வலது பக்கம் மலைக்கோட்டையைத் தேடுங்கள், அதற்கு அப்பால் ஶ்ரீரங்கம். அது 236 அடி ராஜகோபுரம் மாதிரி இல்லாமல் வேறு எப்படியாவது தெரிந்தால் கோபப்படாதீர்கள். உலகத்துக் கட்டடங்களை எல்லாம் யாரும் உட்கார்ந்து கட்டவில்லை. மேலே இருந்து எடுத்த படத்தையும் பொது வரைபடத்தையும் பார்த்து இயந்திரமே ஊகித்துக் கட்டுகிறது. மெல்போர்னில் ஒரு வீட்டுக்கு மாடி எண்ணிக்கை 2 என்று போட வேண்டியதை வரைபடத்தில் யாரோ 212 என்று அடித்துவிட, சிமுலேட்டர் வந்த புதிதில் அங்கே வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு ஒற்றைக் கோபுரம் நின்றது. நம் வீடு இருக்கிற இடத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். ஷார்ஜா விமானத்தை இரண்டரை மணி நேரம் சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சுற்றுங்கள், யார் தடுத்தார்கள், ஆனால் பாஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுவிட்டு வந்தால் விமானம் விட்ட இடத்திலேயே நிற்கும். சர்க்கரை நிற்காது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவே கூடாது. ரட்டர் பெடல் கேட்டிருந்தீர்கள். முட்டிக்கு நல்லதா கெட்டதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அவர் சரி என்றால் பொங்கலுக்குக் கொண்டுவருகிறேன்.

கடைசியாக ஒன்று. 98-இல் சொசைட்டி லோன் போட்டு முதல் கம்ப்யூட்டர் வாங்கினீர்களே, "மிக்ஸி கேட்டேன், மெஷினைத் தூக்கிட்டு வந்திருக்கார்" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லையே. அதில் சிமுலேட்டரைத் திறந்ததும் எப்போதும் சிகாகோவில் ஒரே இடத்தில்தான் நிற்போம். மெய்க்ஸ் ஃபீல்டு. ஒற்றை ஓடுபாதை, இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் ஏரி. நான் தினமும் ஏரியில் விழுவேன். "விழுந்தது போதும், தலையைத் துவட்டிட்டு சாப்பிட வா" என்று அடுக்களையில் இருந்து குரல் வரும். 2003 மார்ச் 30 நள்ளிரவில் அந்த ஊர் மேயர் புல்டோசர் விட்டு ஓடுபாதையைப் பெருக்கல் குறி போட்டுத் தோண்டிவிட்டார் என்று தெரிந்த அன்று, சொந்த ஊரில் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது அங்கே பூங்கா.

சிமுலேட்டரின் நாற்பதாவது ஆண்டுக்காக 2022-இல் மெய்க்ஸைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள், அப்பா. பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் திறந்து பார்த்துவிட்டேன். ஓடுபாதை முழுசாக இருக்கிறது. ஏரியும் அதே பக்கம்தான் இருக்கிறது. நான் கிளப்பவில்லை, பார்த்துவிட்டு மூடிவிட்டேன். உலகத்தில் வேறு எங்கே வேண்டுமானாலும் பறந்துகொள்ளுங்கள். அங்கே மட்டும் நான் பொங்கலுக்கு வருகிறவரை போகாதீர்கள்.

அன்பு மகள்,
கல்யாணி

பி.கு: வாரண்டி கார்டும் ரசீதும் சிபியு அட்டைப் பெட்டிக்குள் மஞ்சள் பையில் இருக்கின்றன. ரசீதைப் பார்க்காதீர்கள், விலையைக் கேட்காதீர்கள் என்று சொன்னேன் இல்லையா?