தொடங்கும் குரல்

மாலை ஏழு மணிக்கு எங்கள் இல்லத்தில் செபமாலை தொடங்கும். தொடங்குபவர் அம்மா. எங்களில் ஒருவருக்கு அவர் ஈன்ற தாய், மற்றவருக்கு மாமியார். மங்கள வார்த்தைச் செபத்தின் முற்பகுதியை அவர் சொல்ல, பிற்பகுதியை நாங்களும் குழந்தைகளும் சொல்வோம். செபிக்கும் குடும்பம் எனப் பங்கில் எங்களுக்கு நற்பெயர் இருந்தது. அப்பெயருக்கு நாங்கள் உரியவர்களே என்றும் எண்ணியிருந்தோம்.

அம்மா இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் விடைபெற்றுச் சென்ற மாலை, வழக்கம்போல் முழந்தாளிட்டோம். எவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் தொடங்குவார் என மற்றவர் காத்திருந்தோம். அன்று வியாழன். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2002-ஆம் ஆண்டில் சேர்த்தளித்த ஒளியின் தேவ இரகசியங்களைச் சொல்ல வேண்டிய நாள். அவற்றை வரிசையாகச் சொல்லவும் எங்களுக்குத் தெரியவில்லை. அப்போது இளைய மகள், "இனிமேல் முன்பாதியை யார் சொல்றது?" என்று கேட்டாள்.

அக்கேள்வி நெஞ்சைச் சுட்டது. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் சொல்லிவந்தது பாதிச் செபமே! செபிக்கும் பழக்கம் அம்மாவுடையது. அதன் நிழலில் இளைப்பாறியவர்களே நாங்கள்.

வெட்கத்தால் உந்தப்பட்டு, அவ்வாண்டுத் திருநீற்றுப் புதனன்று பெரியதொரு தீர்மானம் செய்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது. ஒரு மணி நேரம் தியானிப்பது. மாலையில் செபமாலை முழுவதும் சொல்வது. தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு வருமுன்னரே தீர்மானம் தளர்ந்தது. ஒரு நாள் தவறியது. மறுநாள் தவறியதற்காக நாணினோம். மூன்றாம் நாள் அந்த நாணமே செபத்திற்குத் தடையாயிற்று.

அந்நாள்களில்தான் ஜெனீவாவின் ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியாரின் அறிவுரை எங்களுக்குக் கை கொடுத்தது. இல்லறத்தாரையும் உலக அலுவல்களில் உழைப்போரையும் கருதி 1609-இல் அவர் வெளியிட்ட நூலில், பக்தி முயற்சி அவரவர் நிலைக்கும் கடமைக்கும் ஏற்றதாயிருக்க வேண்டுமென்கிறார். கைவினைஞர் நாள் முழுதும் துறவியரைப்போல் கோயிலிலேயே இருத்தல் தகுமோ என்றும் வினவுகிறார். துறவு மடத்தின் கால அட்டவணையை அடுக்களைக்குள் கொண்டுவந்து வைத்த எங்கள் பேதைமை அப்போது விளங்கிற்று.

மீண்டும் சிறிய அளவில் தொடங்கினோம். காலையில் அடுப்பு மூட்டுமுன் அன்றைய நற்செய்தியிலிருந்து சில வசனங்கள். மாலையில் செபமாலையில் ஒரு பத்து மணி மட்டும். உறங்குமுன் அந்நாளைப் பற்றிய ஆன்ம சோதனை. தவறிய நாளை எண்ணி வருந்திக்கொண்டிராமல், அடுத்த நாள் அதே வேளையில் தொடர்வது. முற்பகுதியை ஒவ்வொரு நாளும் ஒருவர் சொல்வது. குழந்தைகளுக்கும் முறை உண்டு.

ஒரு நாள் பணத்தை முன்னிட்டு எங்கள் இருவருக்குமிடையே கடுஞ்சொல் எழுந்தது. மாலை வரை பேச்சில்லை. அன்று தொடங்கும் முறை, கடுஞ்சொல் சொன்னவருடையது. செபமாலையைக் கையில் எடுத்தும் குரல் எழவில்லை. பின்பாதியைச் சொல்ல வேண்டியவர் அருகில் தலைகுனிந்திருக்க, முன்பாதியை எவ்வாறு தொடங்குவது? குழந்தைகளின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்ட பிறகுதான் செபம் தொடங்கிற்று. அம்மா இத்தனை ஆண்டுகள் எங்கள் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு பொறுமை காத்திருப்பார் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இப்போது பத்து மணிகள் ஐம்பத்து மூன்றாக வளர்ந்துள்ளன. சில நாள் தூக்கம் மேலிடுகிறது. சில நாள் மனம் கடைவீதியில் அலைகிறது. ஆயினும் ஏழு மணிக்கு ஒரு குரல் எழுகிறது.

அன்பார்ந்த வாசகர்களே! உங்கள் இல்லத்தில் செபத்தைத் தொடங்குபவர் யார்? அவர் உயிரோடிருக்கும்போதே, இன்று மாலை ஒரு பத்து மணியை அவரிடமிருந்து கேட்டுப் பெற்று, நீங்கள் தொடங்குங்கள். பின்பாதியை அவர் சொல்லட்டும்.