மூப்பரின் பட்டியல்

பெருநகரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் ஒரு தேவாலயத்தைச் சுற்றிக் கூடினால், ஊர் ஏக்கம்தான் அவர்களைச் சேர்த்துவைக்கிறது என்று சுலபமாக முடிவுகட்டிவிடுகிறோம். லண்டன் பான்ட் (Pont) தெருவில் 1884இல் எழுந்த செயின்ட் கொலம்பா என்ற ஸ்காட்லாந்து தேவாலயத்தின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஏக்கம் ஆட்களை வாசல்வரை கொண்டுவரும். அவர்களைச் சபையாக்குவது பங்கிட்டுக் கொடுத்த பொறுப்புதான். ஸ்காட்லாந்துத் திருச்சபையில் பிஷப் கிடையாது. போதகரும் மூப்பர்களும் சேர்ந்த குழுவே சபையை நடத்துகிறது. வழக்கப்படி ஒவ்வொரு மூப்பர் கையிலும் சில வீடுகளின் பட்டியல் இருக்கும். திருவிருந்து ஞாயிறுக்கு முன்னால், அந்தந்த வீட்டாரின் பெயர் எழுதிய அட்டையோடு அவர் போய்க் கதவைத் தட்டுவார். அட்டை ஒரு சாக்கு. யார் நோயில் படுத்திருக்கிறார்கள், யாருக்கு வேலை போயிற்று, யார் துணையை இழந்து தனியாகிவிட்டார்கள் என்பதெல்லாம் அந்தச் சிறிது நேரப் பேச்சில் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் காலம் தள்ளிவிடக்கூடிய நகரத்தில், நம்மைத் தேடி வர ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார் என்பது பெரிய பலம்.

அந்தப் பலம் இரண்டு போர்களில் சோதிக்கப்பட்டது. முதல் உலகப் போரில், பதுங்குகுழிகளிலிருந்து விடுப்பில் வந்து, ஊர் ரயிலுக்குக் காத்துக்கிடந்த ஸ்காட்லாந்து வீரர்களைத் தொண்டர்கள் விக்டோரியா நிலையத்திலிருந்து அழைத்துவந்து சாப்பாடு போட்டார்கள். இப்படிப் பசியாறியவர்கள் பல்லாயிரம் பேர். 1941 மே 10 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் தேவாலயமே எரிந்து அழிந்தது. எட்வர்ட் மாஃப் வடிவமைத்த புதிய ஆலயம் முழுமை பெற 1955 ஆயிற்று. அத்தனை ஆண்டுகளிலும் சபை கலையவில்லை. கட்டடம் போனாலும், யாரை யார் கவனிப்பது என்ற ஏற்பாடு போகவில்லை.

இது தம் ஆட்களுக்குள்ளேயே சுருங்கிப்போகும் வாழ்க்கை என்று சொல்வோர் உண்டு. ஆனால், குளிர்காலத்தில் வீடற்றோர் இரவு தங்க இதே தேவாலயத்தின் கூடம் திறந்துவிடப்பட்டிருக்கிறது. படுக்க இடம் தருவதற்குப் பூர்விகம் விசாரிக்கவில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இதே மூப்பர் குழுக்கள்தாம் பழைய ஸ்காட்லாந்தில் ஒழுக்கம் தவறியவர்களைச் சபை நடுவே முக்காலியில் உட்காரவைத்து அவமானப்படுத்தின. அக்கறை எப்போது கண்காணிப்பாக மாறும் என்ற பயம் நியாயமானது. ஆனால், தப்பிப் போக வழியில்லாத இடத்தில்தான் அந்த அதிகாரம் செல்லுபடியானது. லண்டனில் பிடிக்காதவர் கதவைத் திறக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு வேறு தேவாலயத்துக்குப் போகலாம். தண்டிக்கும் வலுவை நகரம் பறித்துவிட்ட பின் மூப்பரிடம் மிஞ்சுவது விசாரிக்கும் கடமை மட்டுமே. ஆகவே, இந்த ஏற்பாட்டின் நல்ல பாதி பெருநகரத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டது என்பேன். வெளியூரில் சங்கம் வைத்திருக்கும் எந்தச் சமூகமும் ஆண்டு விழாவுக்கு நாள் குறிக்கும் முன், யார் எந்த வீட்டுக்குப் போய் நலம் கேட்பது என்று பட்டியல் போட்டுக்கொள்ளட்டும்.