காரில் வந்த வெள்ளைப் புள்ளிகள்

எங்க அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். கார் முதலாளியுடையது, கறுப்பு நிறம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அசந்து தூங்கினார். உதவி செய்யலாமேன்னு மத்தியான வெயிலில் போர் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். காய்ந்ததும் கார் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி! தேய்த்தும் போகவில்லை. சாயங்காலம் முதலாளி திட்டினார். அப்பா, "நான்தான் கழுவினேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "கடின நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் இருக்கும்மா. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. அதுதான் புள்ளி" என்றார். வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துடைத்து, உடனே அலசச் சொன்னார். புள்ளிகள் போய்விட்டன.

இப்போது விடிகாலையில், நிழலில்தான் கழுவுகிறேன். பானெட், கதவு என்று ஒவ்வொரு பகுதியாக அலசி, ஈரம் காய்வதற்குள் மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்துவிடுவேன். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதுதான். அதில் இந்த உப்புகள் ரொம்பக் குறைவு.

போன வாரம் முதலாளி, "வண்டி பளபளன்னு இருக்கே, யார் கழுவினது?" என்றார்.

"என் பொண்ணு" என்றார் அப்பா.

– 9ஆம் வகுப்பு மாணவி