அழித்து எழுத முடியாத வேலை

இத்தாலியில் பெருஜியாவிலிருந்து தெற்கே, டைபர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகிற நெடுஞ்சாலையில், மட்பாண்ட ஊரான டெரூட்டா வந்துவிட்டதா என்று பலகையைத் தேட வேண்டியதில்லை. சாலையோரம் வரிசையாகக் கடைகள். வாசலில் ஆளுயர ஜாடிகள், தட்டுகள், மேசைப் பலகைகள், வீட்டு எண் எழுதிய டைல்ஸ். எதைப் பார்த்தாலும் நீலமும் மஞ்சளும் ஆரஞ்சும்; பாதிக்கு மேல் ஒரே டிராகன். பழைய ஊர் குன்றின் மேலேயே இருக்கிறது. வியாபாரம்தான் கீழே இறங்கி வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டது.

பெருஜியாவில் படிக்கும் நண்பரின் மகள் மொழிபெயர்க்க உடன் வந்தாள். ஓடுகளில் கையால் வரையும் ஒரு பட்டறைக்குள் நுழைந்ததும் அவள் சொன்ன முதல் மொழிபெயர்ப்பு: "மாமா, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. எதையும் தொடாதீங்கன்னு சொல்றாங்க."

காரணம் இருக்கிறது. செம்மண் ஓட்டைச் சுமார் ஆயிரம் டிகிரியில் ஒருமுறை சுட்டெடுத்து, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி வைத்திருக்கிறார்கள். பூச்சு காய்ந்ததும் வெறும் மாவுதான். விரல் பட்டால் அந்த இடம் விரலோடு வந்துவிடும். வரைகிறவர்களே ஓட்டின் மேல் குறுக்காக ஒரு மரச்சட்டத்தை வைத்து, மணிக்கட்டை அதன்மேல் தாங்கிக்கொண்டுதான் வரைகிறார்கள்.

எங்களுக்கு வேலையைக் காட்டிய அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஏதோ ஒரு வெளிநாட்டுச் சமையலறைச் சுவருக்கான படம் அவர் முன்னால் கிடந்தது. ஓடுகளை இடைவெளி இல்லாமல் பலகைமேல் அடுக்கி, கோடு நெடுக ஊசியால் துளையிட்ட காகிதத்தை மேலே விரித்தார். கரித்தூள் கட்டிய சிறு துணிமூட்டையால் அதைத் தட்டிக்கொண்டே போனார். காகிதத்தை எடுத்ததும் வெள்ளைமேல் புள்ளிப்புள்ளியாக இலைச்சுருள்கள். அந்தக் கரி சூளையில் எரிந்து காணாமல் போய்விடும். மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் சுவருக்குப் படத்தை மாற்றியதும் இப்படித்தான். 1550களில் காஸ்டெல்துராந்தேக்காரர் சிப்ரியானோ பிக்கோல்பாஸோ குயவர் கலை பற்றி எழுதிய மூன்று பாக நூலில் சூளை, தூரிகை, சக்கரம் எல்லாவற்றையும் படம் போட்டே காட்டியிருக்கிறார். இன்றைக்கு மின்சாரச் சூளை வந்துவிட்டது. மற்றபடி அவர் இந்தப் பட்டறைக்கு வந்தால் திகைத்து நிற்க மாட்டார்.

பிறகு கோடு. நீண்ட மயிர்த் தூரிகையில் கோபால்ட்டைத் தோய்த்து, சுருளின் அடியில் அழுத்தி வைத்து, நுனிக்குப் போகப் போகத் தூக்கிவிடுகிறார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் தண்ணீரை இழுப்பதுபோல் பூச்சு சாயத்தை உடனே குடித்துவிடுகிறது. நின்றால் திட்டு விழும். திரும்பி அதே கோட்டில் போனால் அந்த இடம் கறுத்துப்போகும். ஒரு ஓட்டில் தொடங்கிய கோடு அடுத்ததில் முடிய வேண்டுமானால், நடுவிலுள்ள மூட்டைத் தாண்டும்போது கை தயங்கக் கூடாது.

"தப்பாப் போச்சுன்னா?" என்று கேட்கச் சொன்னேன்.

"பூச்சைச் சுரண்டிட்டு, கழுவி, காயவெச்சு, மறுபடி முக்கணும். அதுக்குக் கோடு ஒழுங்காப் போடறதே சுலபமாம்" என்று சிரித்தாள் பெண்.

சுடுவதற்கு முன் நிறங்களைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எல்லாம் சோகை பிடித்துக் கிடக்கின்றன. இரண்டாம் வேக்காட்டில், தொள்ளாயிரத்துச் சொச்சம் டிகிரியில், வெள்ளைப் பூச்சு உருகிக் கண்ணாடியாகும்போதுதான் கோபால்ட் நீலமாகிறது, செம்பு பச்சையாகிறது, மாங்கனீஸ் கத்தரிப்பூ நிறத்துக்கு வருகிறது. வரைகிறவர் கண்ணில் படும் நிறத்தை நம்பாமல், வரப்போகும் நிறத்தை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறார். நான் வியந்தது வேறொரு தலைவலியைக் கேட்டுத்தான். நாற்பது ஓட்டுப் படத்தில் ஒன்று சூளையில் விரிந்துவிட்டால் அதை மட்டும் மறுபடி வரைந்து சுட வேண்டும். ஆனால் ஒரு வேக்காட்டின் நீலம் அடுத்த வேக்காட்டின் நீலத்தோடு ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒவ்வொரு ஓட்டின் பின்புறமும் எண் எழுதுகிற வேலையில் இவர்கள் காட்டும் கறாருக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

அந்த டிராகனுக்கு வருவோம். ஊரில் இதை ரஃபாயெல் பாணி என்கிறார்கள். அது வாயால் ஊதுவது நல்ல காற்று, கப்பல்களைக் கரைசேர்க்கும் என்று கடைக்காரர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கதை விற்பனைக்கு உதவுகிறது. இதன் பூர்வீகம் வத்திக்கானில் ஓவியர் ரஃபாயெலின் பட்டறை 1510களின் கடைசியில் அலங்கரித்த தாழ்வாரம். அங்கே கொடியும் விலங்கும் பாதி மனிதரும் ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கும். அதுவும் சொந்தச் சரக்கல்ல. 1480வாக்கில் ரோமில் மண்ணுக்கடியில் புதைந்துகிடந்த நீரோ மன்னனின் அரண்மனை தெரியவந்து, ஓவியர்கள் உள்ளே இறங்கி, பந்த வெளிச்சத்தில் விதானத்தைப் பார்த்து வரைந்துகொண்டு வந்தது. ஆக, நகலின் நகலைத்தான் இந்த அம்மா வரைகிறார். இதைச் சொல்லி அவரைச் சீண்டிப் பார்த்தேன். "ரஃபாயெல் சுவரில் வரைந்தார், என்னுடையது சூளைக்குப் போய் வர வேண்டும்" என்றார். நியாயமான பதில்.

குன்றின் மேலே, பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் ஊரின் பீங்கான் அருங்காட்சியகம் இருக்கிறது. 1898இல் தொடங்கியது. பக்கத்திலுள்ள தேவாலயத்தின் 1524ஆம் ஆண்டுத் தரை இப்போது அங்கேதான். நட்சத்திரமும் சிலுவையுமாக வெட்டிய ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன. இதே உம்ப்ரியா வட்டாரத்தில் ஸ்பெல்லோ ஊர் தேவாலயத்தில் ஓவியர் பின்துரிக்கியோ 1501இல் சுவரோவியம் தீட்டிய சிற்றாலயத்துக்கு, 1566இல் டெரூட்டா ஓடுகளைத் தரையில் பதித்தார்கள். பார்வையாளர்கள் தலையைத் தூக்கி ஓவியத்தைப் பார்க்கிறார்கள். நான் குனிந்தே நின்றேன். காலால் மிதிக்க என்று இவ்வளவு நுணுக்கமாக ஒரு பொருளைச் செய்த துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது. இன்றைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சுவருக்குத்தான் கேட்கிறார்களாம்.

அச்சடித்த டைல்ஸ் இந்த வேலையின் வயிற்றில் அடிக்கிறது. ஒட்டுப்படத்தை ஒட்டிச் சுட்டுவிட்டால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. அந்த அம்மா ஒரு வழி சொன்னார்: இரண்டு கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைப் பாருங்கள், கையால் போட்டதில் அங்கே நிறம் கனத்திருக்கும், உருப்பெருக்கியில் பார்த்தால் அச்சில் சிறு புள்ளிகள் தெரியும். இளையவர்கள் வருகிறார்களா என்றதற்கு, வருகிறார்கள், கோடு கைக்குப் பழகுவதற்குள் போய்விடுகிறார்கள் என்றார். அவர்களைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. ஓட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் பழகும் காலத்துக்கு யார் கூலி தருவது?

எனக்குப் பிடித்த டெரூட்டா ஓடுகள் இந்தச் சுருள்கொடிகளல்ல. ஊருக்குச் சற்றுத் தெற்கே மதோன்னா தெல் பாஞோ என்ற சிறு தேவாலயம். ஓக் மரக்கிளையில் இருந்த, மாதா படம் தீட்டிய ஒரு கிண்ணத்துண்டைப் பார்த்து, நோயாளி மனைவிக்காக ஒரு வியாபாரி 1657இல் வேண்டிக்கொண்டாராம். வீடு திரும்பினால் மனைவி எழுந்து வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாராம். அன்று தொடங்கிய நேர்த்திக்கடன் ஓடுகள் எழுநூறுக்கு மேல் சேர்ந்து சுவரை நிறைத்திருக்கின்றன. மரத்திலிருந்து விழுகிறவர், மாடு முட்டுகிறவர், பேய் பிடித்தவர், கிணற்றில் தவறிய குழந்தை. மூலையில் மரத்தோடு மாதா. உடற்கூறு சரியில்லை, மாடு நாயைப்போல் இருக்கிறது, ஆனால் விழுகிறவர் நிஜமாகவே விழுகிறார். 1980இல் திருடர்கள் இங்கிருந்து ஏராளமாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சில திரும்பக் கிடைத்தன.

வழக்கம் நிற்கவில்லை. புதிய ஓடுகளில் டிராக்டர் கவிழ்கிறது, கார் மோதுகிறது. பட்டறை அம்மாவும் இப்படிச் சில செய்திருக்கிறார். விபத்தில் தப்பிய ஒருவர் செல்போனில் நொறுங்கிய காரின் படத்தோடு வந்து, கார் மாடல் சரியாக வர வேண்டும், நம்பர் பிளேட் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டாராம். மாதா எப்படி இருக்க வேண்டும் என்று இவர் கேட்டதற்கு, "அது உங்களுக்கே தெரியுமே" என்றாராம். நம்பர் பிளேட்டுக்குத்தான் அதிக நேரம் ஆனது என்றார்.