சாத்தனூர் கல்மரமும் ஒரு சின்ன டிவியும்

பெரம்பலூரிலிருந்து சாத்தனூருக்கு ஸ்கூட்டரில் கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது. வழியெல்லாம் அறுவடை முடிந்த கரிசல் காடு. பின்னால் என் அக்கா மகள். கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். கல்மரம் பார்க்கணும் என்று ஒரு வாரமாக நச்சரித்தவள் அவள்தான்.

"இதே மாவட்டத்துல பொறந்துட்டு இன்னும் பாக்கலையாடி?"

"எங்க சித்தி, யாரு கூட்டிட்டுப் போனா?"

மரம் படுத்துக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். பக்கத்தில் நடந்து நடந்து காலடி எண்ணிப் பார்த்தாள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பக்கம் கடல். அதில் அடித்து வரப்பட்டு, சேற்றில் புதைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிப்போன மரம் இது. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதைப் பற்றி உலகுக்குச் சொன்னார்.

"புதைபடிவம். பத்தாவது அறிவியல். கல்வி டிவியில பாத்தேன்" என்றாள்.

அந்த வருஷம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. 2020. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அவள் அப்பா அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவரோடு லாரியில் போய்விடும். (அந்தச் சுண்ணாம்புக்கல்லும் இதே பழைய கடல் விட்டுப்போனதுதான்!) மிச்சம் இருந்தது கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச கலர் டிவி. சின்ன வயதில் சுட்டி டிவியில் டோராவோடு சேர்ந்து அவள் கத்திக்கொண்டிருந்த அதே பெட்டி.

கல்வி தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் படப்பிடிப்பு. பாடம் நடத்தியவர்களில் பலர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். தொடங்கியபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருஷமே அதுதான் வகுப்பறை.

"நல்லாத்தான் நடத்துனாங்க. ஆனா கரன்ட் போனா பாடமும் போச்சு. டவுட் வந்தா யார்கிட்ட கேக்கறது? தம்பி கிளாஸ் வர்ற நேரத்துக்கு அவன் உக்காரமாட்டான், ஆட்டைப் பத்திக்கிட்டு ஓடிருவான். அப்பாயிக்கு சீரியல் வேற."

விட்டுப்போனதைத் தோழி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்து எழுதுவாளாம். ஒரு நோட்டு முழுக்க. 2021 பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்கு ஆல் பாஸ் என்று அறிவித்தார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. இவள் மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எழுதியதை யாருமே திருத்தவில்லையே என்ற ஆதங்கம். எனக்கு அது அப்போது புரியவே இல்லை. பரீட்சை இல்லை என்றால் எந்தப் பிள்ளை அழும்?

அங்கிருந்து வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் போனோம். கடல் இல்லாத அரியலூரில் கடல் சங்குகள்! கல்லாகிச் சுருண்டு கிடந்த ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

"அம்மோனைட், சித்தி. நோட்டுல படம் வரைஞ்சிருக்கேன். வீட்டுக்குப் போனதும் காட்டறேன்."

போனதும் முதல் வேலையாகப் பரணில் ஏறினாள்.